165 கிலோ கேஸும் ஒரு லீட் புள்ளியும்

வாசகர் கேள்வி: கோவையில் 9,000 சதுர அடியில் புதிய சூப்பர்மார்க்கெட் கட்டுகிறோம். கட்டடம் லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்று முறையின் நான்காம் பதிப்பான வி4-இல், சில்லறை வணிகப் பிரிவின்கீழ் பதிவாகியிருக்கிறது. குளிர்சாதன ஒப்பந்ததாரர் கொடுத்த திட்டம் இது: ஒரே ராக் (பல கம்ப்ரசர்களைச் சேர்த்த தொகுப்பு), ஆர்-404ஏ கேஸ் 165 கிலோ, ராக்கின் கொள்ளளவு 66 கிலோவாட், 120 லிட்டர் ரிசீவர் (திரவ கேஸ் தங்கும் தொட்டி), 28 மி.மீ. லிக்விட் லைன் (திரவக் குழாய்) 70 மீட்டர். காய்கறி, பால், குளிர்பான அலமாரிகளுக்கு 38 கிலோவாட். உறைபொருளுக்கு 14 கிலோவாட். அதில் தீவு ஃப்ரீசர்கள் 9, ஃப்ரீசர் ரூம் 5. பழைய கடையின் ஆர்-22 கோல்ட் ரூம் யூனிட்டையும் இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். பசுமைக் கட்டட ஆலோசகரோ, குளிரூட்டி மேலாண்மைக்கான புள்ளி கிடைக்காது என்கிறார். ஒப்பந்ததாரர், "இது கிரீன்சில் சான்று பெற்ற ராக், ஒரு கிலோவாட்டுக்கு 2.5 கிலோதான் வருகிறது, தாராளமாகத் தேறும்" என்கிறார். யார் சொல்வது சரி? பழைய கடையில் 110 கிலோ கேஸ் ஓடுகிறது. போன வருடம் 10.9 கிலோ சிலிண்டர் நான்கு வாங்கினோம்.

பதில்: ஆலோசகர் சொல்வதுதான் சரி. ஆனால் ஆர்டர் இன்னும் போகவில்லை என்றால் திட்டத்தைத் திருத்திப் புள்ளியை வாங்கிவிடலாம்.

முதலில் அந்தக் 'கிரீன்சில் ராக்' பற்றி. கிரீன்சில் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-இல் தொடங்கிய தன்னார்வத் திட்டம். அது அமெரிக்காவில் உள்ள கடைகளுக்குச் சான்று கொடுக்கும். ராக்குக்கோ கம்ப்ரசருக்கோ கொடுக்காது. கோவைக் கடையால் அதை வாங்கவும் முடியாது. பெயர் இங்கே அடிபடுவதற்குக் காரணம், லீட் தன் விதியில் கிரீன்சிலின் கசிவுச் சோதனை வழிகாட்டியை மேற்கோள் காட்டுவதுதான். ஆகவே விலைப்பட்டியலில் அந்த வார்த்தையைப் பார்த்து ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

லீட் வி4-இன் மேம்பட்ட குளிரூட்டி மேலாண்மை என்ற ஒரு புள்ளிக்கு, அலமாரிக் குளிர்சாதனம் உள்ள கடை நான்கு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். ஓசோனைத் தேய்க்காத கேஸ் மட்டுமே இருக்க வேண்டும். எச்.எஃப்.சி. கேஸின் (ஓசோனைத் தேய்க்காத, ஆனால் புவியைச் சூடாக்கும் செயற்கைக் குளிரூட்டி; ஆர்-404ஏ இந்த வகை) அளவு, எவாப்பரேட்டர்களின் (அலமாரிக்குள் குளிர் தரும் சுருள்கள்) மொத்தக் குளிர்ச் சுமையில் ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக 2.72 கிலோவைத் தாண்டக் கூடாது. கடை முழுவதற்கும் எதிர்பார்க்கப்படும் ஆண்டுக் கசிவு 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நிறுவும்போது கிரீன்சில் வழிகாட்டியின்படி கசிவுச் சோதனை நடந்திருக்க வேண்டும். இவை போக, கடையின் ஏசிக்குத் தனிக் கணக்கு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆர்-22 யூனிட் முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகிறது. அதன் ஓசோன் தேய்ப்புத் திறன் 0.055, விதி கேட்பது பூஜ்யம். அந்த ஒரு யூனிட் உள்ளே வந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் புள்ளி போய்விடும். கேஸை மாற்றி ஓட்டலாமே என்று அடுத்த யோசனை வரும். மினரல் ஆயிலை வடித்து, பி.ஓ.இ. என்ற செயற்கை ஆயில் ஊற்றி, ரப்பர் சீல்களை மாற்றிய பிறகும் கையில் இருப்பது பழைய இணைப்புகளோடு கூடிய பழைய யூனிட்தான், கசிவுக் கணக்கில் அதுவே முதலில் காலை வாரும். கேஸைக் காற்றில் விடாமல் மீட்பு சிலிண்டரில் இறக்கச் சொல்லி, யூனிட்டைப் பழைய கடையோடு கழித்துவிடுங்கள்.

இனி 2.5 கிலோ கதை. ஒப்பந்ததாரர் 165-ஐ 66-ஆல் வகுத்திருக்கிறார். 66 என்பது கம்ப்ரசர்களின் கொள்ளளவு. விதி கேட்பது எவாப்பரேட்டர் சுமை. கோடைக்கும் எதிர்கால விரிவாக்கத்துக்கும் கூடுதலாக எடுத்துவைத்த கம்ப்ரசர் இந்தக் கணக்கில் வராது. ஒவ்வொரு அலமாரிக்கும் கோல்ட் ரூமுக்கும் தயாரிப்பாளர் கொடுக்கும் சுமையைக் கூட்டினால் உங்களுக்கு வருவது 38 + 14 = 52 கிலோவாட். 165 ÷ 52 = 3.17. வரம்பு 52 × 2.72 = 141 கிலோ. அதாவது 24 கிலோ அதிகம். இந்தத் தவறு அடிக்கடி நடப்பது. எல்லா நேரமும் வேண்டுமென்றே செய்வதல்ல.

சுமைப் பட்டியல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அலமாரிகளின் சுமை பெரும்பாலும் 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்ற நிலைக்குச் சொல்லப்பட்டிருக்கும். உங்கள் கடை மே மாதம் மாலை நேரக் கூட்டத்தில் 25-இல் நிற்காது என்றால் சுமை கூடும். எந்த நிலைக்கான எண் என்பதைப் பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். வகுக்கும் எண்ணை ஊதிக் காட்டியதாக யாரும் கேள்வி கேட்க இடம் இருக்காது.

24 கிலோவை எங்கே குறைப்பது? கேஸ் எங்கே தங்குகிறது என்று தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும். திரவமாக இருக்கும் இடங்களில்தான் எடை. திரவம் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 28 மி.மீ. குழாயில் மீட்டருக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், ஆக 70 மீட்டரில் 37 கிலோ. 120 லிட்டர் ரிசீவர் 40 சதவீத மட்டத்தில் ஓடினால் 48 கிலோ. இந்த இரண்டு இடத்திலேயே பாதிக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது. சக்ஷன் குழாய் (கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய்) எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அதில் இருப்பது ஆவி, ஒன்றிரண்டு கிலோதான்.

லிக்விட் லைனை 22 மி.மீ. ஆக்கினால் மீட்டருக்கு 0.31 லிட்டர், மொத்தம் 22 கிலோ. ஆனால் 52 கிலோவாட்டையும் அந்தக் குழாயில் அனுப்பினால் திரவத்தின் வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டரைத் தொடும். சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) மூடும்போதெல்லாம் குழாய் 'டக்' என்று அடிக்கும். சில வருடத்தில் அந்த அடியே இணைப்பைப் பிளக்கும். எனவே குழாயைச் சிறிதாக்கும் முன் ராக்கின் சுமையைக் குறைக்க வேண்டும்.

அதற்கு உறைபொருள் பகுதியை ராக்கிலிருந்து பிரித்துவிடுங்கள். 9 கிலோவாட் தீவு ஃப்ரீசர்களுக்கு, கம்ப்ரசர் உள்ளேயே இருக்கும் ஆர்-290 மாடல்களை வாங்கலாம். ஆர்-290 என்பது புரோப்பேன். ஒரு சுற்றில் 150 கிராம் அளவுக்குள் உள்ள மாடல்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அது எச்.எஃப்.சி. அல்ல, புவி வெப்பமாக்கும் திறன் (கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்த அளவில்) வெறும் 3, பிரேசிங் (குழாய்களைப் பற்றவைத்து இணைப்பது), லிக்விட் லைன் எதுவும் கிடையாது. கணக்கு போடும்போது இவற்றின் கேஸையும் சேர்க்காதீர்கள், 9 கிலோவாட்டையும் சேர்க்காதீர்கள். இவை இல்லாமலே தேறும் கணக்குக்கு எதிர்க்கேள்வி வராது. 5 கிலோவாட் ஃப்ரீசர் ரூமுக்குப் பக்கத்திலேயே சிறிய கண்டென்சிங் யூனிட் (கம்ப்ரசரும், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரும் சேர்ந்த பெட்டி) ஒன்று தனியாக வையுங்கள். குழாய் பத்து மீட்டருக்குள் இருந்தால் சுமார் 6 கிலோ கேஸ் போதும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளேயே கம்ப்ரசர் உள்ள ஃப்ரீசர் தன் வெப்பத்தைக் கடைக்குள்ளேயே கொட்டும். 9 கிலோவாட் குளிருக்கு ஏறக்குறைய 6 கிலோவாட் மின்சாரம் என்று வைத்தால் வெளியேறும் வெப்பம் 15 கிலோவாட், அதாவது ஏசி அளவில் 4.3 டன். ஏசி வடிவமைப்பாளர் வெப்பம் மொட்டை மாடிக்குப் போகிறது என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தால், அவருக்கு இந்த 4.3 டன் குறையும். கடை திறந்து முதல் கோடையில்தான் இது தெரியவரும். ஃப்ரீசர் முடிவாகும் நாளிலேயே அவருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்போது ராக்கில் மிஞ்சுவது 38 கிலோவாட். 22 மி.மீ. குழாயில் திரவ வேகம் விநாடிக்குச் சுமார் 1.1 மீட்டர், நல்ல நிலை. மதிப்பீடு இப்படி வரும்: முதன்மை லிக்விட் லைன் 22 கிலோ, 16 மி.மீ. கிளைகள் 60 மீட்டருக்கு 9 கிலோ, சிறிய ரிசீவரில் 18, கண்டென்சரில் 11, எவாப்பரேட்டர்களில் 14, சக்ஷனில் 2. கூட்டினால் 76. ஃப்ரீசர் ரூமின் 6-ஐச் சேர்த்தால் 82 கிலோ. சுமை 43 கிலோவாட். 82 ÷ 43 = 1.9. வரம்பு 117 கிலோ. வேண்டிய அளவு இடைவெளி இருக்கிறது. கண்டென்சர், எவாப்பரேட்டர் எண்களை மட்டும் தயாரிப்பாளரின் உள்கன அளவை வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அவை மாடலுக்கு மாடல் மாறும்.

ரிசீவரைக் கண்ணை மூடிக்கொண்டு சிறிதாக்கவும் கூடாது. பழுது பார்க்கும்போது ராக்கின் கேஸ் முழுவதும் அதற்குள் இறங்கி, மேலே ஐந்தில் ஒரு பங்கு காலி இருக்க வேண்டும். 76 கிலோவுக்குச் சுமார் 95 லிட்டர். மொத்த கேஸ் குறைந்ததால்தான் 120 லிட்டர் தேவையில்லாமல் போகிறது. இன்னொன்று: வரைபடத்தில் கண்டென்சரில் திரவத்தைத் தேக்கி அழுத்தத்தைப் பிடிக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அது பனி கொட்டும் ஊர்களுக்கானது. அதற்கென்று குளிர்காலக் கூடுதல் கேஸும் சேர்த்திருப்பார்கள். கோவை டிசம்பருக்குக் கண்டென்சர் விசிறியின் வேகத்தைக் குறைத்தாலே போதும்.

அலமாரிகளுக்குக் கண்ணாடிக் கதவு போடுவதில் ஒரு வேடிக்கை உண்டு. கதவு போட்டால் சுமை குறையும். சுமை குறைந்தால் வகுக்கும் எண் சிறிதாகி விகிதம் மோசமாகத் தெரியும். 8 கிலோவாட் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் 82 ÷ 35 = 2.3. அப்போதும் தேறுகிறீர்கள். விகிதம் அழகாகத் தெரிவதற்காகக் கதவைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் பில் கட்டப்போவது அவர்கள் அல்ல.

எந்த கேஸ்? விதியின் பெரிய ஓட்டை இதுதான்: 2.72 கிலோ என்ற வரம்பு கேஸின் தன்மையைப் பார்ப்பதில்லை. 3,922 என்ற புவி வெப்பமாக்கும் திறன் உள்ள ஆர்-404ஏ-யும் எடை குறைந்தால் தேறிவிடும். தேறினாலும் அதை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எச்.எஃப்.சி. பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றிருக்கிறது. எச்.எஃப்.சி. அளவு 2028-இல் உச்சவரம்பைத் தொடும். 2032-இல் 10 சதவீதம், 2037-இல் 20, 2042-இல் 30 என்று குறைந்து 2047-இல் 85 சதவீதம் குறைய வேண்டும். இந்தக் கணக்கு கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான எடையில் நடப்பதால், திறன் அதிகமுள்ள கேஸ்தான் முதலில் நெருக்கடிக்கு உள்ளாகும். உங்கள் ராக் 15 வருடம் ஓட வேண்டியது.

புவி வெப்பமாக்கும் திறன் 1,400-க்குச் சற்றுக் குறைவாக உள்ள ஆர்-448ஏ அல்லது ஆர்-449ஏ-க்குக் கேளுங்கள். இவை கலவை கேஸ். கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கும் கொதித்து முடியும் வெப்பநிலைக்கும் இடையே நான்கைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும். சூப்பர்ஹீட்டை (ஆவி கூடுதலாக எவ்வளவு சூடானது என்பதை) டியூ பாயின்ட் எனும் கொதித்து முடியும் வெப்பநிலையை வைத்தும், சப்கூலிங்கை (திரவம் கூடுதலாக எவ்வளவு குளிர்ந்தது என்பதை) பபிள் பாயின்ட் எனும் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலையை வைத்தும் பார்க்க வேண்டும். சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆவியாக ஏற்றினால் கலவையின் விகிதம் கெட்டுவிடும். ஃப்ரீசர் ரூமில் இவற்றின் டிஸ்சார்ஜ் வெப்பம் (கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் கேஸின் வெப்பம்) 404ஏ-யை விட அதிகம் ஏறும், ஆகவே லிக்விட் இன்ஜெக்ஷன் (திரவ கேஸைச் செலுத்திக் கம்ப்ரசரைக் குளிர்விக்கும்) வசதியோடு அந்த கேஸுக்கு அனுமதிக்கப்பட்ட கம்ப்ரசர்தானா என்று பாருங்கள்.

கார்பன் டை ஆக்சைடு ராக் போடலாமா என்று யாராவது சொல்வார்கள். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாவதில்லை. உங்கள் ஊர் வெயிலில் வருடத்தின் பெரும்பகுதி 90 பாருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். சிக்கனமாக ஓட எஜெக்டர், பேரலல் கம்ப்ரசர் போன்ற கூடுதல் கருவிகள் எல்லாம் வேண்டும். பெரிய ஹைப்பர்மார்க்கெட்டுக்கு யோசிக்கலாம். 38 கிலோவாட்டுக்கு வேண்டாம்.

அடுத்து அந்த 15 சதவீதம். ஒரு வருடத்தில் சேர்த்த கேஸை முழுக் கொள்ளளவால் வகுக்க வேண்டும். பழைய கடையில் 43.6 ÷ 110, கிட்டத்தட்ட 40 சதவீதம். அது ஆர்-404ஏ என்றால் 171 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். புதிய கடையில் 82 கிலோவுக்கு 15 சதவீதம் 12.3 கிலோ. அதாவது வருடத்துக்கு ஒரு சிலிண்டர்தான் உங்கள் ஒதுக்கீடு. இரண்டாவது சிலிண்டர் தீர்ந்தால் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

கேஸ் போகும் இடங்களைப் பார்த்தாலே எப்படித் தடுப்பது என்பது புரியும். ஃப்ளேர் நட்டுகள் (திருகி முடுக்கும் குழாய் இணைப்புகள்) முதல் குற்றவாளி; எக்ஸ்பான்ஷன் வால்வு, டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி) எல்லாவற்றையும் பிரேசிங் இணைப்பில் கேளுங்கள். சர்வீஸ் வால்வின் பிளாஸ்டிக் மூடி அடுத்தது. ஓ-ரிங் வைத்த பித்தளை மூடி சில ரூபாய்தான். பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய கேபிலரி குழாய் ராக்கின் சட்டத்தில் உரசி ஓட்டையாவது கண்ணில் படாத கசிவு. பால் அலமாரியில் இன்னொன்று நடக்கும்: தயிர், இட்லி மாவு பாக்கெட் ஒழுகி அடித்தட்டில் புளித்து, அந்த அமில ஆவி எவாப்பரேட்டரின் செம்பை ஊசி முனை அளவில் அரிக்கும். வாரம் ஒரு முறை தட்டைக் கழற்றி வெறும் தண்ணீரில் கழுவுவதே மருந்து. வினிகரோ ஆசிட்டோ ஊற்றிக் கழுவக் கூடாது. எவாப்பரேட்டருக்கு எபாக்ஸி பூச்சு கிடைத்தால் இந்த அலமாரிகளுக்கு மட்டுமாவது வாங்குங்கள்.

ராக் அறையில் நிலையான கசிவு உணர்வி ஒன்று வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. உணர்வி தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். கூரையில் மாட்டிவிட்டு மாதக்கணக்கில் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

நிறுவும் நாட்கள்தான் இந்தப் புள்ளியின் உயிர். பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கருப்புச் செதில் படிந்து, பிறகு வால்வை அடைக்கும். பிறகு உலர் நைட்ரஜனில் அழுத்தச் சோதனை, குறைந்தது 24 மணி நேரம். காற்றையோ ஆக்சிஜனையோ ஒருபோதும் ஏற்றக் கூடாது. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

அழுத்தச் சோதனையில் சண்டை வருவது வெப்பநிலையால். மாலை 34 டிகிரியில் கேஜ் 25 பார் காட்டுகிறது, விடிகாலை 26 டிகிரியில் 24.3. கசிவு என்று பதற வேண்டாம்; 25-உடன் வளிமண்டலத்தின் 1 பாரைச் சேர்த்து, வெப்பநிலைகளோடு 273-ஐக் கூட்டிக் கெல்வினில் எடுத்தால் 26 × 299 ÷ 307 = 25.3, அதில் வளிமண்டலத்தின் 1 பாரைக் கழித்தால் 24.3 தான் வர வேண்டும். ஆனால் இதே காரணத்தைச் சொல்லி 23.5-ஐயும் ஏற்கச் சொன்னால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு வாசிப்போடும் குழாயின் வெப்பநிலையையும் நேரத்தையும் எழுதி, கேஜைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வேக்குவம் மூன்று முறை இழுக்க வேண்டும், இடையிடையே உலர் நைட்ரஜனால் உடைத்து. கடைசி முறை 500 மைக்ரானுக்கு (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே போய், பம்பை மூடிய பிறகும் நிற்க வேண்டும். மைக்ரான் கேஜ் பம்ப் பக்கத்தில் இல்லாமல், பம்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள அலமாரியில் இருக்கட்டும். பம்பை மூடியபின் எண் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. மழைக்காலத்தில் பம்ப் ஆயிலை ஒவ்வொரு இழுப்புக்கும் மாற்றுவது நல்லது. பி.ஓ.இ. ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

ஏசி பக்கம். குளிர்சாதனத்தில் தேறிவிட்டு ஏசியில் கோட்டை விட்ட கடைகள் உண்டு. லீட் தரும் இயல்பு எண்களான 2 சதவீத ஆண்டுக் கசிவு, 10 சதவீத இறுதி இழப்பு, 10 வருட ஆயுள் ஆகியவற்றை வைத்தால், கேஸின் புவி வெப்பமாக்கும் திறனை 0.03-ஆல் பெருக்கி, அதைக் கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ என்பதால் பெருக்க வேண்டும். விடை 13-க்குள் வர வேண்டும். ஆர்-32-க்குத் திறன் 675, கிலோவாட்டுக்கு 0.64 கிலோ வரை போகலாம், சாதாரண ஸ்ப்ளிட் எளிதில் தேறும். ஆர்-410ஏ-க்கு 0.2 கிலோதான் எல்லை. நீளமாகக் குழாய் இழுத்த வி.ஆர்.எஃப். (ஒரே வெளி யூனிட்டிலிருந்து பல உள் யூனிட்டுகளுக்குக் குழாய் போகும் ஏசி) அதைத் தாண்டிவிடும்.

ஆவணங்களாக ஒப்பந்ததாரரிடம் கேட்க வேண்டியவை: அலமாரி வாரியாகச் சுமைப் பட்டியல், பகுதி வாரியாக கேஸ் கணக்கு, அழுத்தம், வேக்குவம் இரண்டுக்கும் நேரம் போட்ட பதிவு, கடைசியாகத் தராசில் நிறுத்து ஏற்றிய உண்மையான எடை. மதிப்பீட்டில் 82 என்று எழுதிவிட்டு, சைட் கிளாசில் (திரவக் குழாயில் உள்ள கண்ணாடிச் சன்னல்) குமிழி போகவில்லை என்று 110 ஏற்றிவிடுவது நடக்கும். கலவை கேஸில் குமிழி தெரிவது எப்போதுமே கேஸ் குறைவு என்று அர்த்தமல்ல. டிரையர் அடைப்பாகவும் இருக்கலாம், சப்கூலிங் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தத் தாள்கள் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று வேலை உத்தரவிலேயே எழுதிவிடுங்கள்.

கடை திறந்த பிறகு ராக் அறைச் சுவரில் ஒரு நோட்டு தொங்கட்டும்: தேதி, சிலிண்டரின் எடை முன்னும் பின்னும், எந்த இணைப்பில் கசிவு, யார் சரிசெய்தது. கசிவு இருக்கும் இடத்தை எழுதாமல் 'கேஸ் டாப்-அப்' என்று மட்டும் எழுதிய பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழைய கடையிலும் இந்த மாதமே ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, அந்த நான்கு சிலிண்டரும் எங்கே போயின என்று தேடச் சொல்லுங்கள். புதிய கடைக்கு 15 சதவீதம் என்று எழுதிக்கொடுக்கப் போவது அதே சர்வீஸ் ஆட்கள்தானே.